பூலாம்பட்டிக் காவிரிக்கரை: நடந்தும் படகிலும் ஒரு முழு நாள்

சேலத்திலிருந்து பூலாம்பட்டிக்குப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பதினோரு மணிக்குப் போய்ச் சேருவார்கள், படகில் ஒரு சுற்றுப் போவார்கள், பொரித்த மீன் சாப்பிடுவார்கள், மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். முதல் இரண்டு தடவை நானும் அப்படித்தான் போய்வந்தேன். மூன்றாவது தடவை, ஒரு தை மாதத்து விடியற்காலையில், படகு ஓட ஆரம்பிப்பதற்கு வெகுநேரம் முன்னாலேயே போய்விட்டதால் சும்மா உட்கார மனமில்லாமல் கரையோரமாக நடக்க ஆரம்பித்தேன். பனி விலகாத தண்ணீரில் பரிசல்காரர்கள் வலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள், கோரைக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழி ஒன்று வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது, பக்கத்து வாழைத்தோப்பில் யாரோ மோட்டார் போட்டார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: முதலில் நடை, அப்புறம் படகு. அதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

இந்த ஊரைக் 'குட்டிக் கேரளா' என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே இருப்பது கொங்குக் காவிரி, அதற்கு இன்னொரு ஊர்ப் பெயரைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

1. கிளம்புவதற்கு முன் தண்ணீரை விசாரியுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூலாம்பட்டியில் நீங்கள் பார்க்கும் அகலமான, ஏரி மாதிரி நிற்கிற தண்ணீர் காவிரியின் பழைய முகம் கிடையாது. மேலே மேட்டூர் அணை இருக்கிறது. 1925-ல் கட்ட ஆரம்பித்து 1934-ல் திறந்தார்கள், முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று ஆற்றுக்குக் குறுக்கே வரிசையாகக் கதவணைகள் கட்டி, அதே தண்ணீரைப் படிப்படியாகத் தேக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் நிலையம். இப்படிக் காவிரி படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டதால், மேட்டூரில் திறப்பு குறைவாக இருக்கும் மாதங்களிலும் நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை தேக்கி வைத்த தண்ணீர் பூலாம்பட்டியில் நிற்கிறது. தண்ணீர் ஒரே மட்டத்தில் வெகுநாள் நிற்பதால்தான் கரையோரத்தில் கோரையும் சம்பும் வேர்பிடித்துச் சதுப்பாகின்றன, அந்தச் சதுப்பை நம்பித்தான் பறவைகள் வருகின்றன.

ஆனால் இந்த அமைதி இரண்டு சமயங்களில் கலையும். ஒன்று, மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறக்கும் ஆடி, ஆவணி மாதங்கள். 2018, 2022, 2024 ஆண்டுகளில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். பத்தாயிரம் கன அடி என்று செய்தியில் படித்தால், நொடிக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் வருகிறது என்று மனதில் கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போது அந்த எண் வெறும் எண்ணாகத் தெரியாது. வெள்ளம் வந்தால் விசைப்படகை நிறுத்திவிடுவார்கள், கரைக்கே போகக் கூடாது. இரண்டாவது, கதவணைப் பராமரிப்பு. அதற்காகத் தேக்கிய தண்ணீரை மொத்தமாக வெளியேற்றுவார்கள், ஆற்றின் பாறையெல்லாம் தெரியும், அப்போதும் படகு ஓடாது.

அதனால் முந்தைய நாள் நாளிதழில் மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு மூன்றையும் பாருங்கள். தினமும் போடுகிறார்கள். திறப்பு இரண்டு மூன்று நாளாக ஏறிக்கொண்டே போனால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். எடப்பாடிப் பக்கம் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு போன் போட்டு "கதவணையில தண்ணி நிக்குதுங்களா, படகு ஓடுதுங்களா" என்று கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

2. எந்த மாதம்

மார்கழியும் தையும். கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரைக்கும் சரிதான், ஆனால் மார்கழி, தையில் வெயில் இளசு, தண்ணீர் அடங்கியிருக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். நாணல் பூத்து வெள்ளையாக நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டால் புரட்டாசி, ஐப்பசியில் போங்கள், அப்போது மழைக்குத் தயாராகப் போக வேண்டும்.

ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பூலாம்பட்டி, கல்வடங்கம், மேட்டூர் எல்லாக் கரையிலும் கூட்டம் நெரியும். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சாமியைக் கொண்டுவந்து காவிரியில் நீராட்டுவார்கள், மேளமும் முளைப்பாரியும் பார்க்கப் பார்க்க அழகாக இருக்கும். அதைப் பார்க்கப் போவது வேறு பயணம். சதுப்பையும் பறவையையும் பார்க்கும் நாளாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

3. போகும் வழி

சேலத்திலிருந்து எடப்பாடி, எடப்பாடியிலிருந்து பூலாம்பட்டி. எடப்பாடிக்கு மகுடஞ்சாவடி, கொங்கணாபுரம் வழியாகவும் போகலாம், தாரமங்கலம், ஜலகண்டாபுரம் வழியாகவும் போகலாம். எனக்குத் தாரமங்கலம் வழிதான் பிடிக்கும், திரும்பும்போது தாரமங்கலத்துக் கைலாசநாதர் கோயிலை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். மொத்தம் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விடியும்போது கரையில் இருக்க வேண்டும் என்பதால் பைக்கோ காரோ வசதி. பஸ்ஸில் வருகிறவர்கள் முந்தின இரவே எடப்பாடியில் தங்கிக்கொண்டால் சிரமம் இல்லை.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. மூடிய ஷூ, முழுக்கால் சட்டை, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், நெஞ்சு உயரக் கம்பு ஒன்று, போனைப் போட்டுக் கட்ட ஒரு பிளாஸ்டிக் பை. பைனாகுலர் இருந்தால் ரொம்ப நல்லது. செருப்போடு வராதீர்கள், கரையில் குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் துண்டுகள் புல்லுக்குள் மறைந்து கிடக்கின்றன.

4. காலை நடை

பூலாம்பட்டி காவிரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அதனால் காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், தண்ணீரும் பறவைகளும் எதிர்வெளிச்சம் இல்லாமல் தெளிவாகத் தெரியும். அக்கரையில் பாலமலைத் தொடர் நீலமாக நிற்கும். மதியத்துக்கு மேல் இந்த வெளிச்சம் அப்படியே திரும்பிவிடும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். காலையில் நடை என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

படகுத்துறையிலிருந்து தண்ணீர் வருகிற திசையில் நடக்கத் தொடங்குங்கள். கொஞ்ச தூரத்தில் வீடுகள் தீர்ந்து வயலும் வாழையும் கரும்பும் வந்துவிடும். அது யாரோ ஒருவருடைய நிலம், வரப்பில் இறங்கும் முன் ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணா, கரை ஓரமா நடந்து போலாங்களா?" என்று கேட்டால் இதுவரை யாரும் எனக்கு வேண்டாம் என்று சொன்னதில்லை, பல பேர் "அந்தப் பக்கம் போகாதீங்க, சேறு" என்று வழியும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வார்த்தையை மதியுங்கள்.

சேற்றைப் பற்றிக் கொஞ்சம். கரையை மூன்று பட்டையாகப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். அருகம்புல்லும் கருவேலமும் இருக்கிற இடம் கெட்டி நிலம், தாராளமாக நடக்கலாம். கோரை ஆரம்பிக்கிற இடம் ஈரம், கம்பால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். ஆள் உயரத்துக்குச் சம்பு நிற்கிற இடம் தண்ணீர், அதற்குள் போகவே கூடாது. இதைவிட ஏமாற்றுவது தண்ணீர் வடிந்த இடத்தில் மேலே காய்ந்து வெடித்திருக்கிற மண். பார்க்கக் களம் மாதிரி இருக்கும், மேலே நான்கு விரல்கடைதான் காய்ந்திருக்கும், கீழே களி. அப்படி ஓர் இடத்தில் என் வலது கால் முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டது. பதறி இன்னொரு காலை ஊன்றியதால் அதுவும் இறங்கியது. தூரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் "உதறாதீங்க, உக்காருங்க, அப்படியே பின்னால சாயுங்க" என்று சத்தம் போட்டார். பின்பக்கமாகச் சாய்ந்து, கம்பைக் குறுக்கே படுக்கவைத்து அதில் எடையைப் போட்டு, குதிகாலை மெல்ல ஆட்டி ஆட்டி ஒவ்வொரு காலாக எடுத்தேன். பத்து நிமிடம் ஆனது. இப்படி மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது அதுதான். அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன், கம்பையும் விடாதீர்கள்.

பாம்பு உண்டு. தண்ணீரில் தலையை நீட்டிப் போகிற நீர்ப்பாம்புக்கு விஷமில்லை. வரப்புப் புல்லில் கண்ணாடி விரியன் இருக்கலாம், அதற்கு விஷம் உண்டு. கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தால் பெரும்பாலும் அதுவாகவே விலகிப் போய்விடும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறி விடுவது எதுவும் வேண்டாம், ஆளை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, பறவைக்கு வருவோம். ஓரிடத்தில் உட்காருங்கள். நடந்துகொண்டே பார்க்கிறவர்களுக்குக் கொக்கும் காகமும்தான் கிடைக்கும். கோரை ஒரு பக்கமும் திறந்த தண்ணீர் ஒரு பக்கமும் தெரிகிற மாதிரி ஒரு மரத்தடி பார்த்து இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால், நீங்கள் வந்தபோது ஒளிந்ததெல்லாம் திரும்ப வெளியே வரும். தண்ணீரில் கழுத்து மட்டும் பாம்பு மாதிரி நீட்டிப் போவது பாம்புத்தாரா. அதன் இறகில் தண்ணீர் ஊறிவிடும், அதனால் எளிதாக மூழ்கி மீனைக் குத்தும், பிறகு பாறையிலோ பட்ட மரத்திலோ உட்கார்ந்து சிறகை விரித்துக் காயப்போடும். நீர்க்காகமும் அதேமாதிரி காயப்போடும், ஆனால் அதன் அலகு நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும், பாம்புத்தாராவுக்கு ஈட்டி மாதிரி நேராக இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக ஒரே இடத்தில் அந்தரத்தில் சிறகடித்து நின்று, அப்படியே தலைகீழாகத் தண்ணீரில் விழுகிறதே, அதுதான் கரும்புள்ளி மீன்கொத்தி. நான் எத்தனை முறை பார்த்தாலும் அதற்காக நின்றுவிடுவேன். முக்குளிப்பான் ஒன்று மூழ்கினால் எங்கே எழும் என்று பிள்ளைகளைக் கூட்டிப் போனால் பந்தயம் கட்டச் சொல்லுங்கள், அரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிற ஓரங்களையும் விட்டுவிடாதீர்கள். அது ஆற்றுக்குக் கேடுதான், தண்ணீருக்கு வெளிச்சமும் காற்றும் போகாமல் மூடிவிடுகிறது. ஆனாலும் அதன்மேல் நீண்ட விரல்களால் நடந்து பூச்சி பொறுக்கும் இலைக்கோழி இருக்கும். முட்டையிட்டதும் பெட்டை போய்விடும், அடைகாப்பதும் குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் சேவல்தான்.

தூக்கணாங்குருவிக் கூடு தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த கிளையில் தொங்கினால் தள்ளி நின்று பாருங்கள். போட்டோவுக்காகக் கிளையை வளைக்காதீர்கள்.

5. எட்டு மணிக்கு ஊர்த்துறை

ஏழரை, எட்டு மணிக்குத் திரும்பி வந்துவிடுங்கள், வலை எடுத்த பரிசல்கள் கரைசேரும் நேரம். மாலையில் வலையைப் போட்டுவிட்டு விடியலில் எடுப்பதுதான் இங்கே வழக்கம். பரிசல் என்பது மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கூடைதான். முன்பு தோல் போர்த்துவார்கள், அப்புறம் பிளாஸ்டிக் படுதாவும் தாரும் வந்தன, இப்போது பைபர் பரிசலும் நிறைய. வட்டமாக இருப்பதால் அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, ஒற்றைத் துடுப்பால் அதைச் சுற்றவிடாமல் நேராகக் கொண்டுபோவதே தனிக் கை.

மீனைப் பிரித்துப் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், பேர் கேளுங்கள். ஜிலேபிதான் அதிகம் இருக்கும், அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் வடநாட்டு ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்டவை. கெளுத்தி, விரால், ஆரால் நம் ஆற்று மீன்கள். 'காவிரி மீன்' என்று சாப்பிடுகிறோமே, அதில் பாதி வந்து குடியேறியது என்று எனக்குத் தெரிந்ததே இந்தத் துறையில்தான். வேலை நேரத்தில் குறுக்கே நிற்காதீர்கள், முகத்துக்கு நேராகப் போனை நீட்டாதீர்கள், "ஒரு படம் எடுத்துக்கலாங்களா அண்ணா" என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு கிலோ மீன் வாங்கினால் பேச்சும் தானாக வரும்.

அப்புறம் ஊருக்குள் ஒரு நடை. இங்கேயும் ஒரு கைலாசநாதர் கோயில் உண்டு, அந்தப் பக்கம் போய்வாருங்கள், டீக்கடையில் உட்காருங்கள், எடப்பாடி வட்டாரம் என்பதால் தறிச்சத்தம் காதில் விழும். இதற்கு வழிகாட்டி எதுவும் தேவையில்லை.

6. இப்போது படகு

பூலாம்பட்டிக்கும் அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே ஓடும் விசைப்படகு முதலில் ஊர்க்காரர்களுக்கானது. சேலம் மாவட்டத்துக்கும் ஈரோடு மாவட்டத்துக்கும் நடுவில் தினமும் வேலைக்கும் படிப்புக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் அதில்தான் போகிறார்கள், பைக்கையும் ஏற்றிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றுகொண்டு அவர்கள் இடத்தை நாம் அடைப்பது சரியில்லை. கூட்டமாக இருந்தால் ஒரு நடை விட்டு அடுத்ததில் ஏறுங்கள்.

ஏறும் முன் மூன்று காரியம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், இது மறந்தால் அக்கரையில் மாட்டிக்கொள்வீர்கள். மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டு வாரைக் கட்டுங்கள், மடியில் வைத்திருப்பதால் பயனில்லை. பிள்ளைகளை நடுவில் உட்காரவையுங்கள். ஆட்கள் அதிகமாகத் தெரிந்தால் கூச்சப்படாமல் இறங்கிவிடுங்கள்.

காலையில் நடந்த கரையை இப்போது தண்ணீரிலிருந்து பாருங்கள். நீங்கள் உட்கார்ந்த மரம், கோரைப் பட்டை, சேற்றில் மாடு இறங்கும் இடம், எல்லாம் வரிசையாகப் புரியும். காலையில் நடக்காதவருக்கு அது ஒரு பச்சைக் கோடு. நடு ஆற்றில் ஆற்று ஆலாக்கள் தலைக்கு மேல் பறக்கும், மஞ்சள் அலகு, இரண்டாகப் பிளந்த வால்.

நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கி உடனே திரும்பாதீர்கள். அது பவானி–மேட்டூர் சாலையில் இருக்கிற ஊர், ஒரு மணி நேரம் சுற்றி, டீ குடித்து, அக்கரையிலிருந்து பூலாம்பட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள். வண்டி இல்லாமல் பஸ்ஸில் வந்தவர்களுக்கு ஓர் உபாயம்: இங்கிருந்தே மேட்டூர் பஸ் ஏறி, மேட்டூரிலிருந்து சேலத்துக்குப் போய்விடலாம், வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

பரிசலில் போக ஆசையாக இருந்தால், அனுமதி இருக்கிறதா என்று துறையிலேயே கேட்டு, மிதவைச் சட்டை இருந்தால் மட்டும் ஏறுங்கள். அடியில் சம்மணம் போட்டு, எதிரெதிராக எடை சமமாக இருக்கும்படி உட்கார வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது, இதில் யாருக்கும் விலக்கில்லை. காற்று கிளம்பினால் வேண்டாம்.

குளிப்பதைப் பற்றி ஒரே பேச்சு. படித்துறையில், ஊர்க்காரர்கள் குளிக்கிற இடத்தில், இடுப்பளவுத் தண்ணீருக்குள் மட்டும். மேலே தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் பாறையும் பள்ளமும் இருக்கின்றன, மின்நிலையமோ கதவோ திறந்தால் இழுப்பும் மாறும். கதவணைக்குப் பக்கத்தில் எந்தப் பக்கமும் இறங்காதீர்கள்.

7. நேரம் இருந்தால் இன்னொரு நாள்: பண்ணவாடி

மேட்டூர் அணைக்கு மேலே, கொளத்தூர் வழியாகப் போனால் பண்ணவாடிப் பரிசல்துறை. இங்கே கணக்கு தலைகீழ், தண்ணீர் குறைந்தால்தான் போக வேண்டும். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் நீர்மட்டம் எழுபது, எண்பது அடிக்கு இறங்கும்போது வெளியே தெரிகின்றன. விடுபட்ட வண்டலில் உழவர்கள் பயிர் போடுவார்கள், அந்தப் பச்சைக்கு நடுவில் கல் நந்தியைப் பார்ப்பது மறக்காது. இங்கிருந்து அக்கரை தருமபுரி மாவட்டத்து நாகமரைக்குப் பரிசல் போகும். வண்டலில் நடக்கும்போது முன்னே சொன்ன கம்பு வித்தைதான், இங்கே இன்னும் கவனமாக. இந்தப் பக்கத்துத் தண்ணீரில் முதலை உண்டு, ஆகவே குளியல் வேண்டாம். சில மாதங்களில் ஓரத் தண்ணீர் பச்சைச் சாயம் மாதிரி திரண்டு நாறும், அது பாசி, கையைக்கூட வைக்காதீர்கள்.

8. திரும்பும் நேரம்

பூலாம்பட்டியில் மாலை ஐந்தரைக்குப் படித்துறையில் உட்காருங்கள். சூரியன் பாலமலைக்குப் பின்னால் இறங்கும், நீர்க்காகங்கள் தண்ணீரை ஒட்டி வரிசை வரிசையாக அடையப் போகும், பரிசல்கள் மறுபடி வலையோடு கிளம்பும். கொண்டுவந்த குப்பையை எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் கரையை விட்டு வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவையும் கம்பையும் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். ஆகாயத்தாமரை ஒரு துண்டிலிருந்தே தழைத்துவிடும். அடுத்த வாரம் அதே ஷூவோடு சேலத்து மூக்கனேரிக்கோ பனமரத்துப்பட்டி ஏரிக்கோ போவீர்கள், காவிரியிலிருந்து அதை அங்கே கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.